பாஸ்புக்கில் என்ட்ரி போட்ட அன்றைக்குத்தான் தெரிந்தது

2024 ஆடிப்பெருக்கு முடிந்து வந்த திங்கட்கிழமை. அம்மாவின் மகளிர் குழுக் கடன் ஐம்பதாயிரம் ரூபாய் மார்ச்சிலேயே கணக்கில் ஏறியிருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டு ஓட்டைப் பிரித்து மாற்றிவிடலாம் என்று அதைத் தொடாமல் வைத்திருந்தோம். கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுக்கப் பணம் எடுக்கப் போனேன். கவுண்டரில் இருந்தவர், "8,740 ரூபாதாம்மா இருக்கு" என்றார். வேறு யாருடைய பாஸ்புக்கையோ நீட்டிவிட்டேனோ என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அம்மா பெயர்தான். என்ட்ரி போட்டுக் கேட்டேன். 29, 79, 159, 799, மறுபடி 159, மறுபடி 799 என்று பக்கம் பக்கமாக வந்தது. கடைசியில் 6,500 ஒரே தடவையாக. யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்து அங்கேயே அழுதேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. திருட்டு என்றால் இப்படித் துளித் துளியாக ஐந்து மாதம் போகாது. அத்தனையும் என் தம்பி போனில் ஆடிய விளையாட்டுக்காகப் போனது.

எங்கள் ஊர் திருப்பனந்தாள் பக்கம், கொள்ளிடக் கரையை ஒட்டியது. அப்பா இல்லை. அம்மா நடவு, களைபறிப்பு, நூறு நாள் வேலை என்று போவார். நான் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். மாதச் சம்பளம் 11,500. தம்பி அப்போதுதான் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது முடித்து, டவுன் மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் ஒன் சேர்ந்திருந்தான். அந்த வருடம் வழக்கம்போல ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். பம்புசெட் வைத்திருந்தவர்களைத் தவிர யாரும் குறுவை போடாததால் அம்மாவுக்கு நடவு வேலையும் இல்லை. அந்த நேரத்தில் போன 41,260 ரூபாய் அது.

பணம் எப்படிப் போனது என்பதை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் உள்ள ஏற்பாடுதான். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். வங்கியில் கொடுத்த நம்பருடைய சிம், தம்பியின் போனில் கிடந்தது. நூறு நாள் வேலைச் சம்பளம் ஏறியதா என்று பார்க்க வசதியாக இருக்கும் என்று அவனையே யு.பி.ஐ. போட்டுக் கொடுக்கச் சொன்னோம். பின் நம்பரை வைத்தவனும் அவன்தான். வங்கியிலிருந்து வரும் மெசேஜ், ஓ.டி.பி. எல்லாம் அவன் கைக்கே போனது. அம்மாவின் பணத்துக்கு அம்மாவைத் தவிர எல்லாக் கதவும் திறந்திருந்தது. உங்கள் வீட்டில் இப்படி இருந்தால் முதலில் அந்த சிம்மைப் பெரியவர்கள் போனுக்கு மாற்றுங்கள், பின் நம்பரைப் பெரியவர்களே போடுங்கள். மாதம் ஒருமுறை பாஸ்புக்கில் என்ட்ரி போடுங்கள். ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில், ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்க வேண்டும் என்று வைக்க முடியும். கடன் பணம், சேமிப்புப் பணம் எல்லாம் யு.பி.ஐ. இணைக்காத இன்னொரு கணக்கில் இருக்கட்டும். விளையாட்டுக்குள் வாங்கியதை 48 மணி நேரத்துக்குள் கண்டுபிடித்தால் கூகுள் ப்ளேயிலேயே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நான் கண்டுபிடித்தபோது கடைசி வாங்கலே இரண்டு வாரம் பழையது.

அந்த 6,500 வேறு கதை. விளையாட்டுக்குள் காசு மாதிரிச் செலவழிக்க வாங்கும் வைரங்களைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று டெலிகிராமில் ஒருவன் சொல்லி வாங்கிக்கொண்டு காணாமல் போனான். இதற்கு 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண் இருக்கிறது, பணம் போன உடனே கூப்பிட்டால் அந்தக் கணக்கை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. எனக்கு அந்த எண் தெரியவந்தது இருபது நாள் கழித்து. புகாரைப் பதிந்துகொண்டார்கள், பணம் வரவில்லை. தம்பிக்கு அது ஏமாற்று என்று அன்றே தெரியும். எங்களிடம் சொல்லப் பயந்து வாயை மூடிக்கொண்டான். வீட்டில் பயம் அதிகமானால் 1930 இருந்தும் பயனில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்றிரவு நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. அவனை அடித்தேன். பதினாறு வயதுப் பையனை, அம்மா கண்ணெதிரில். போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பீரோவை உதைத்தான், தட்டை எறிந்தான், "நான் இருந்தாதானே உங்களுக்குத் தொல்ல" என்றான். நான், "போடா, எங்க போவேன்னு பாக்குறேன்" என்றேன். விடியற்காலை மூன்று மணிக்குப் பார்த்தால் பாயில் ஆள் இல்லை. அந்த வாரம் மேட்டூர் உபரித் தண்ணீர் கொள்ளிடத்தில் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. கரைக்குப் போகக் கூடாது என்று தண்டோரா போட்டிருந்தார்கள். அந்த இருட்டில் டார்ச்சை வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் கரை நெடுகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். அம்மா எதுவும் கத்தவில்லை, அவன் பேரை மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏழு மணிக்கு ஒருவரின் மோட்டார் கொட்டகையில் படுத்திருந்தவனைக் கண்டுபிடித்தோம்.

ஒரேயடியாகப் பிடுங்காதீர்கள். பின்னால் டாக்டர் சொன்னதும் இதைத்தான். ராத்திரி பகலாக அதிலேயே கிடந்த பிள்ளையிடமிருந்து திடீரென்று பிடுங்கினால் கோபம், நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும். வீட்டார் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு இன்னும் அடிப்பார்கள். இன்னொன்று, "செத்துருவேன்", "நான் இல்லாமப் போனா சரியாயிரும்" என்று பிள்ளை சொன்னால் அதை மிரட்டல் என்று தள்ளாதீர்கள். தனியாக விடாமல் கூடவே உட்காருங்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, காசு கிடையாது, இரவிலும் தமிழில் பேசுவார்கள். அந்த விடியற்காலையில் எனக்கு இது தெரியாது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் யாரிடமும் சொல்லவில்லை. கடையில் சொன்னால் பேச்சாகும். சித்தப்பா வீட்டில் சொன்னால் "அப்பன் இல்லாப் புள்ள, அக்காகாரி சரியா வளக்கல" என்பார்கள். தாயத்துக்கு 2,500 கொடுத்தேன். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து, போன் அடிமைகளுக்குச் சிகிச்சை என்று நோட்டீஸில் பார்த்து ஒரு மறுவாழ்வு மையத்துக்குப் போனேன். கட்டினால்தான் இடம் என்று 25,000 கேட்டார்கள். சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்துக் கட்டினேன். ஒன்பதாம் நாள் பார்க்க அனுமதித்தார்கள். குடியை நிறுத்த வந்த நாற்பது, ஐம்பது வயது ஆட்களோடு ஒரே ஹாலில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். டாக்டர் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. காலையில் யோகா, மற்ற நேரம் பூட்டு. அன்றே கூட்டி வந்துவிட்டேன். பணம் திரும்பி வரவில்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம் என்று 2017-ல் வந்தது. அதன்படி இப்படிப்பட்ட இடங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பெரியவர்களோடு தங்கவைக்கக் கூடாது, பிள்ளையோடு வீட்டார் ஒருவர் கூடவே தங்க வேண்டும். இதை நான் தெரிந்துவைத்திருந்தால் "பதிவுச் சான்றைக் காட்டுங்க, மனநல டாக்டர் என்னிக்கி வருவாரு, நான் கூடத் தங்கலாமா" என்று மூன்று கேள்வி கேட்டிருப்பேன், அந்தப் பணமும் மிச்சமாகியிருக்கும். எல்லாம் சேர்த்து 68,760 ரூபாய், என்னுடைய ஆறு மாதச் சம்பளம். லீவு போட்டதற்குப் பிடித்தது தனி.

வழி காட்டியவர் நான் கணக்கிலேயே எடுக்காத ஒருவர். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும். அக்டோபரில் மாத்திரை கொண்டுவந்த அக்கா, அம்மாவுக்குப் பிரஷர் எகிறிக் கிடப்பதைப் பார்த்து, "என்ன பெரியம்மா, வீட்ல ஏதாவது கொறையா?" என்று கேட்டார். அம்மா உடைந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நான் ஏன் சொன்னீர்கள் என்று கோபப்பட்டேன். அந்த அக்கா, "இந்தத் தெருவுல இது நாலாவது வீடு. அவுங்களும் உங்களாட்டம்தான் மூடி வச்சிருக்காங்க" என்றார். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருப்பதையும், கும்பகோணம் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல ஓ.பி. இருப்பதையும் அவர்தான் சொன்னார். நான் தினம் வேலைக்குப் போகிற ஊர். அந்த ஆஸ்பத்திரி வாசல் வழியாக எத்தனை தடவை நடந்திருப்பேன்.

ஓ.பி. சீட்டுக்குக் காசு இல்லை. எனக்கு டவுன் பஸ் இலவசம், அவனுக்குப் பள்ளி பாஸ். டாக்டர் முதலில் போனைப் பற்றிக் கேட்கவே இல்லை. "எத்தன மணிக்குத் தூங்குற தம்பி?" என்றார். மூன்று மணி, சில நாள் நாலு. அந்த வயதுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும், அது இல்லாமல் கோபத்தையோ படிப்பையோ பேசிப் பயனில்லை என்றார். பிறகுதான் மற்றவை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று 2022 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்று சேர்த்திருக்கிறார்களாம். தன்னைத் தானே நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் கண்முன்னே தெரிந்தும் தொடர்வது. இந்த மூன்றும் பொதுவாக ஒரு வருடம் அளவுக்கு நீடித்து, வாழ்க்கையைப் பாதித்தால்தான் அந்தப் பெயர். போனில் விளையாடுகிற பிள்ளைகள் எல்லாரும் நோயாளி இல்லை, பெரும்பாலானவர்களுக்கு அது வராது என்றும் சொன்னார். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014-லிருந்து ஒரு பிரிவு நடப்பதை அவர் சொன்னபோது எனக்கு அவமானம் பாதி குறைந்தது. தனிப் பிரிவு வைக்கிற அளவுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் இது எங்கள் வீட்டு வளர்ப்பு மட்டும் இல்லையே.

உளவியலாளரிடம் ஏழெட்டு முறை போனோம். அவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னார். போனை எடுக்கும் முன்னால் மனதில் என்ன இருந்தது என்று ஒரே ஒரு சொல் எழுத வேண்டும். சலிப்பு, பசி, பயம், ஒன்றுமில்லை என்று ஏதாவது ஒன்று. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் ஞாயிறு இரவும் செவ்வாய் இரவும் "பயம்" என்றே இருந்தது. திங்களும் புதனும் முதல் பீரியட் இங்கிலீஷ். எழுந்து நின்று வாசிக்க வேண்டும். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்து திக்கும். எங்கள் ஊர்ப் பள்ளியில் எல்லாரும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி, யாரும் சிரித்ததில்லை. டவுனில் சிரித்திருக்கிறார்கள், பட்டப்பேர் வைத்திருக்கிறார்கள். "கேம்ல யாரும் என் பேச்சக் கேட்டுச் சிரிக்கலக்கா, நான் சொன்னா அஞ்சு பேரு கேப்பான்" என்றான். ஐந்து மாதமாக ஒரே வீட்டில் இருந்து நான் கேட்காத கேள்வியை ஒரு நோட்டு கேட்டுவிட்டது. உங்கள் பிள்ளை விஷயத்திலும் போனுக்கு முன்னால் என்ன இருந்தது என்று தேடுங்கள். பயமோ, மனச்சோர்வோ, பள்ளியில் அடியோ, படிப்பு பிடிபடாமையோ இருக்கலாம். அதை விட்டுவிட்டுப் போனை மட்டும் பிடுங்கினால் இன்னொன்றைத் தேடிப் போவான். தஞ்சாவூர் மெடிக்கலில் பேச்சுப் பயிற்சிக்கும் எழுதிக் கொடுத்தார்கள். வகுப்பாசிரியரிடம் நான் போய்ப் பேசினேன். வாசிக்கச் சொல்வதை நிறுத்த வேண்டாம், யாராவது சிரித்தால் நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

வீட்டில் செய்தது எளிது, கடைப்பிடித்ததுதான் கஷ்டம். இரவு பத்து மணிக்கு மூன்று போனும் அடுப்படி அலமாரியில். "மூன்றும்" என்பது முக்கியம். நான் பாயில் படுத்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டு அவனை மட்டும் வைக்கச் சொன்ன முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அலாரத்துக்குப் போன் வேண்டும் என்றான், 180 ரூபாய்க்கு ஒரு கடிகாரம் வாங்கினேன். முழுத் தடை இல்லை, மாலையில் ஒன்றரை மணி நேரம் அவனுடையது. அந்த நேரத்தில் நான் எட்டிப் பார்க்கவோ முணுமுணுக்கவோ கூடாது என்பது எனக்கான விதி. பொங்கல் லீவில் எல்லாம் சரிந்தது. நான்கு நாள் ராத்திரி முழுக்க ஆடினான். பழைய அடி, பழைய அழுகை திரும்பி வந்துவிடும் என்று எனக்கே பயம் வந்து, ஒரு மணிக்குக் கொல்லையில் நின்று 14416-க்குப் போட்டேன். அந்தப் பக்கம் பேசிய பெண், "சரிஞ்சா திரும்பத் தொடங்குறதுதான், முதல்லேருந்து இல்ல, விட்ட இடத்துலேருந்து" என்றார். இருபது நிமிடம் பேசினார். அன்றைக்கு நான் அவனை எழுப்பிக் கத்தவில்லை.

தெருவில் நாலாவது வீடு என்று அந்த அக்கா சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. பிறகு எண்ணிப் பார்த்தேன், பதினோரு பையன்கள். ஒரு வீட்டு வைஃபை எட்டுகிற தூரத்தில் வாய்க்கால் மதகுச் சுவர் இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு அதில் வரிசையாக நீல வெளிச்சம். என் தம்பி பத்து மணிக்குப் போனை வைத்தாலும் பத்துப் பேர் அங்கே அவனுக்காகக் காத்திருப்பார்கள். டெங்கு சமயத்தில் ஒரு வீட்டுத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போவதில்லையே, தெரு முழுக்க டயர், தேங்காய்ச் சிரட்டை வரைக்கும் பார்க்கிறார்களே, இதற்கு மட்டும் ஏன் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு அழ வேண்டும் என்று அந்த அக்காவிடம் கேட்டேன். "அதான் நாங்களும் படிச்சது. தடுக்கிறதுல மூணு படி, எல்லாருக்கும் ஒண்ணு, ஆரம்பத்துல இருக்கிறவனுக்கு ஒண்ணு, முத்திப்போனவனுக்கு ஒண்ணு. நம்ம ஊர்ல கடைசிதான் ஆஸ்பத்திரியில இருக்கு, முதல் ரெண்டும் யாரு செய்யிறது?" என்றார்.

சட்டம் ஒரு பக்கம் வருகிறது. பணம் வைத்து ஆடுகிற விளையாட்டுகளுக்குத் தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் விதி வந்தது; பதினெட்டுக்குக் கீழே கூடாது, நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை கூடாது என்று. ஆகஸ்டில் மத்திய அரசு அந்த வகையையே தடை செய்து சட்டம் போட்டது. எத்தனையோ உயிர் போன பிறகு வந்த சட்டம், நான் வரவேற்கிறேன். ஆனால் என் தம்பி ஆடியது பந்தயம் கட்டுகிற ஆட்டம் இல்லை, அந்த வகையில் வராது. தென் கொரியாவில் 2011-லிருந்து பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு முதல் ஆறு மணி வரை கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடக் கூடாது என்று வைத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் பெற்றோர் பெயரில் நுழைந்தார்கள், ஆட்டமும் கம்ப்யூட்டரிலிருந்து போனுக்கு நகர்ந்துவிட்டது, பத்து வருடத்தில் அதை எடுத்துவிட்டார்கள். நேரத்தைப் பூட்டினால் மட்டும் போதாது, அந்த நேரத்தில் போக ஓர் இடம் வேண்டும். எங்கள் ஊரில் இருந்த ஒரே மைதானத்தில் பாதி கருவை மண்டிக் கிடந்தது, மீதியில் நெல் காயும். பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். 2020 மார்ச்சிலிருந்து 2021 நவம்பர் வரை பள்ளி மூடியிருந்தபோது ஏழாவது படித்த பிள்ளையிடம் நாம்தான் போனைக் கொடுத்து இதில்தான் பாடம் என்றோம். திறந்த பிறகு விளையாட மண்ணைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இதை நினைத்தால் எனக்குப் பிள்ளைகள் மேல் கோபம் வருவதில்லை.

2025 ஜனவரி 26 கிராம சபையில் மனு கொடுத்தேன். தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்திருந்த நேரம். பேசும்போது கை நடுங்கியது. தம்பியின் பெயரைச் சொல்லவில்லை, பதினோரு பையன்கள் என்று மட்டும் சொன்னேன். முடிந்ததும் மூன்று அம்மாக்கள் தனித்தனியாக வந்து, "எங்க வீட்லயும்தாம்மா" என்று காதோடு சொன்னார்கள். கருவையை வெட்ட ஏப்ரல் ஆனது. விளக்குக்கு மே தினக் கிராம சபையில் மறுபடி கேட்க வேண்டியிருந்தது. வைஃபை வைத்திருந்த வீட்டு அண்ணனிடம் நேரில் போய்ப் பேசினோம், பத்தரைக்கு அணைத்துவிடுகிறார். இப்போது மாலையில் வாலிபால் நடக்கிறது, சில நாள் ஆறு பேர், சில நாள் பதினைந்து பேர். மதகில் இன்னமும் நாலைந்து பேர் உட்காருகிறார்கள்.

ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வில் தம்பிக்கு இரண்டு பாடம் போனது. ஜூலை துணைத்தேர்வில் ஒன்றை எழுதித் தேறினான், இன்னொன்று பாக்கி. ப்ளஸ் டூ போய்க்கொண்டிருக்கிறான். வீட்டு ஓடுகளை 2025-லும் மாற்ற முடியவில்லை, தார்ப்பாய்தான். அந்த வருடம் மேட்டூர் ஜூன் 12-லேயே திறந்ததால் அம்மாவுக்கு நடவு வேலை கிடைத்தது. குழுக் கடனில் இன்னும் ஏழு மாதத் தவணை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் தம்பி கொத்தனாரோடு சித்தாள் வேலைக்குப் போய் முந்நூறு ரூபாய் அம்மா கையில் கொடுக்கிறான், நாங்கள் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி மேலத்தெரு அம்மா ஒருவர், முந்தானையில் மறைத்து ஒரு பாஸ்புக்கைக் கொண்டுவந்தார். பையனுக்குப் பதினாலு வயது. அடித்தீர்களா என்று கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டார். பையனின் ஆதார், பள்ளி அடையாள அட்டை, பழைய மருந்துச் சீட்டு ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். போனைப் பிடுங்க வேண்டாம், இன்றைக்குப் பணக் கணக்கை மட்டும் பிரித்துவிடுங்கள் என்றேன். செவ்வாய்க்கிழமை ஏழே கால் டவுன் பஸ். கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டேன், நானும் கூடப் போகிறேன்.